செட்டில்மென்ட் ஆன கார்டு, 638 சிபில், 28 லட்சம் வீட்டுக்கடன்

வாசகர் கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. 18,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2020–21 ஊரடங்குக் காலத்தில் எனக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. கிரெடிட் கார்டில் 1,12,000 ரூபாய் நின்றுவிட்டது. 2022-ல் 55,000 கட்டினால் கணக்கை முடித்துவிடுவோம் என்றார்கள். கட்டினேன், கடிதமும் தந்தார்கள். பைக் லோனிலும் நான்கு தவணை தாமதம். 2023-ல் அதை முழுதாகக் கட்டி என்ஓசி வாங்கிவிட்டேன். ஆனால் இன்னும் 6,400 பாக்கி என்று சிபிலில் காட்டுகிறது. இப்போது சூலூர் பக்கம் 38 லட்சத்துக்கு ஒரு தனி வீடு அமைந்திருக்கிறது. 28 லட்சம் கடன் கேட்டதற்கு, சிபில் 638, ‘செட்டில்டு’ இருக்கிறது என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு ஏஜென்ட் ஐந்து இடத்தில் விண்ணப்பம் போட்டார். ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் மட்டும் 13 சதவீத வட்டிக்குத் தருகிறேன் என்கிறது. இன்னொருவர் 35,000 கொடுத்தால் ஸ்கோரை 750-க்கு ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். வீட்டுக்காரர் 3 லட்சம் முன்பணம் கேட்கிறார். டிவி வாங்கிய தவணை மாதம் 2,800, இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. 13 சதவீதத்துக்கு வாங்கிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இன்னும் மூன்று காரியத்தையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். புதிதாக எங்கும் விண்ணப்பம் போடாதீர்கள். 3 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். 35,000 கேட்பவரின் போனை எடுக்காதீர்கள். உங்கள் நிலைமை நீங்கள் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. ஆனால் சரி செய்ய ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை மாற்றிச் செய்ததால்தான் இப்போது ஒன்றுக்கு ஆறு இடத்தில் நீங்கள் கடன் கேட்டது பதிவாகியிருக்கிறது.

முதலில், வங்கி எதைப் பார்த்துத் திருப்பியது என்று புரிந்துகொள்ளுங்கள். 300-லிருந்து 900 வரை போகும் சிபில் ஸ்கோர் வாசல் காவலாளி மாதிரி. உள்ளே உட்கார்ந்து கோப்பைப் படிக்கிற அதிகாரி அறிக்கையின் வரிகளைத்தான் பார்ப்பார். உங்கள் கார்டுக் கணக்கின் கீழே சிறு சிறு கட்டங்களாக 36 மாதம் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்று ஓர் எண். 000 என்றால் பாக்கி இல்லை. 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போயிருந்தால், 90-ஐத் தாண்டிய இடத்தில் அது வாராக்கடன். மூன்று எக்ஸ் போட்டிருந்தால் அந்த மாதத் தகவல் வரவில்லை என்று பொருள். அதற்குப் பயப்பட வேண்டாம். ‘எஸ்யூபி’ (தரம் குறைந்த கடன்), ‘எல்எஸ்எஸ்’ (நஷ்டக் கடன்) போன்ற எழுத்துகள் இருந்தால்தான் கவலை.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. கணக்கு முடிந்ததும் அந்தக் கட்டங்கள் நகர்வதும் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கிற கணக்கில் பழைய மாதங்கள் பின்னால் தள்ளப்பட்டு மறையும். உங்கள் கார்டு 2022-ல் நின்றுவிட்டதால், அதற்கு முந்தைய மூன்று வருடத் தாமதமும் படம் பிடித்து மாட்டியதுபோல அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே ‘செட்டில்டு’ என்ற நிலை. இந்தச் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் வேறு, வங்கி கொள்ளும் பொருள் வேறு. நமக்குப் பைசல். வங்கிக்கு, இவர் முழுதாகக் கட்டவில்லை, கொடுத்தவர் 57,000 ரூபாயை இழந்துவிட்டு விலகினார் என்ற தகவல். 2022-ல் உங்களிடம் பேசியவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

ஏழு வருடம் பொறுத்தால் தானாக அழிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி உட்கார வேண்டாம். குறைந்தது ஏழு வருடம் தகவலை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஏழாம் வருடம் முடிந்த மறுநாள் அழித்தாக வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

சரி, வேலையைத் தொடங்குவோம். இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை ஸ்கோருடன் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017-லிருந்து ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் அவரவர் இணையதளத்தில் நேரடியாகப் போய் எடுங்கள். கடன் விற்கும் செயலிகள் வழியாக எடுத்தால் அன்று மாலையே ‘ப்ரீ அப்ரூவ்டு லோன்’ என்று போன் வர ஆரம்பிக்கும். நீங்களே உங்கள் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடன் கொடுப்பவர் பார்த்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகும்.

நான்கும் எதற்கு? ஒரு வங்கி சிபிலைப் பார்க்கும். ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் ஹை மார்க்கைப் பார்க்கும். ஓர் இடத்தில் திருத்தியது இன்னொன்றில் திருந்தாமல் கிடப்பது சாதாரணம். அச்செடுத்து மேசையில் பரப்பி, ஒரு பேனாவோடு உட்காருங்கள். பெயர், பிறந்த தேதி, பான் எண் சரியா? உங்களுக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருக்கிறதா? யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் உங்கள் அறிக்கையில் வரும். மச்சான் டிராக்டர் லோனில் தவணை விட்டால் அடி உங்களுக்கும்தான். கடைசியில் ‘விசாரணைகள்’ என்ற பகுதியில், ஏஜென்ட் போட்ட ஐந்தும் தேதியோடு நிற்கும். ஒரே வாரத்தில் ஐந்து பேரிடம் கேட்டிருக்கிறார் என்றால் பணத்துக்குத் தவிக்கிறார் என்றுதான் படிப்பார்கள். இதை அழிக்க முடியாது. மாதங்கள் போகப் போக அதன் கனம் குறையும். புதிய விண்ணப்பம் வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொன்னது இதற்காகத்தான்.

இனி பைக் கடன். இது எளிது, உடனே செய்யக்கூடியது. ஆனால் புகார் போடும் முன் அந்த நிறுவனத்திடம் கணக்கு விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 6,400 இரண்டு விதமாக வந்திருக்கலாம். முழுதாகக் கட்டியதை அவர்கள் பதிவு செய்யாமல் விட்டிருக்கலாம்; அல்லது தவணை திரும்பியபோது போட்ட பவுன்ஸ் கட்டணமும் அபராத வட்டியும் தனியாக நின்றிருக்கலாம். பாக்கி இல்லை என்று அவர்களே என்ஓசி தந்திருப்பதால் உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. அந்த என்ஓசியை ஸ்கேன் செய்து, கடைசித் தவணை கட்டிய ரசீதையும் சேர்த்து, எந்தெந்த நிறுவனத்தின் அறிக்கையில் தவறு இருக்கிறதோ அந்தந்தத் தளத்தில் ‘டிஸ்ப்யூட்’ பதிவு செய்யுங்கள். எழுதும்போது நீளமாகக் கதை வேண்டாம். “இந்தக் கணக்கு எண், இந்தத் தேதியில் முடிக்கப்பட்டது, என்ஓசி இணைப்பு, நிலுவை 6,400 என்பதைப் பூஜ்யமாகவும் நிலையை ‘குளோஸ்டு’ என்றும் திருத்தவும்” என்பது போதும்.

புகார் பதிவான நாளிலிருந்து 30 நாளில் தீர்வு வர வேண்டும். அதில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 21 நாள். 30 தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது; 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் புகாரில் உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுத்துவையுங்கள். புகாரை மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். “கடன் கொடுத்தவர் சரி என்கிறார்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் 30 நாளில் உருப்படியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன.

கையோடு இன்னொன்று. பைக்கின் ஆர்சியில் ஹெச்பி (பைக் கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு) நீக்கிவிட்டீர்களா? என்ஓசியும் படிவம் 35-ம் வைத்துச் செய்ய வேண்டியது. வீட்டுக்கடனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் என்ஓசி பீரோவில் தூங்குகிற வீடுகளில் இதுவும் சேர்ந்தே தூங்கும்.

கார்டுதான் உங்கள் கோப்பின் முள். இதை டிஸ்ப்யூட் போட்டு எடுக்க முடியாது, ஏனென்றால் ‘செட்டில்டு’ என்பது பொய்யில்லை. 35,000 கேட்பவர் செய்யப்போவதும் இதைத்தான்: உங்கள் பெயரில் கண்டபடி டிஸ்ப்யூட் போடுவார், அதற்கு உங்களிடம் ஓடிபி கேட்பார், ஒரு மாதம் கழித்து எல்லாம் நிராகரிக்கப்பட்டு வரும். உண்மையான பதிவை அழிக்கும் அதிகாரம் எந்த ஏஜென்டுக்கும் கிடையாது. பதிவை மாற்றக்கூடியவர் கடன் கொடுத்தவர் ஒருவர்தான்.

அவரிடமே போங்கள். செய்ய வேண்டியது, அன்று தள்ளுபடி ஆன தொகையைக் கட்டி, நிலையை ‘செட்டில்டு’ என்பதிலிருந்து ‘குளோஸ்டு’ ஆக மாற்றச் சொல்வது. கணக்குப்படி அது 57,000. ஆனால் அறிக்கையில் ‘ரிட்டன் ஆஃப் தொகை’ (வசூலாகாது என்று எழுதிவிட்ட தொகை) என்ற கட்டத்தில் வேறு எண் இருக்கலாம், வட்டியும் அபராதமும் சேர்த்து. கடனை, வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்களா என்பதும் அறிக்கையில் தெரியும். விற்றிருந்தால் பேச வேண்டியது வாங்கியவரிடம்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் “சார், உங்க அக்கவுண்ட் ஜீரோ பேலன்ஸ், ஒண்ணும் கட்ட வேண்டாம்” என்பார்கள். அவர் திரையில் அப்படித்தான் தெரியும். எழுத்தில் கேளுங்கள், வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியின் மின்னஞ்சலுக்கு. இப்படி எழுதலாம்:

“என் கார்டு கணக்கு இந்தத் தேதியில் 55,000 ரூபாய்க்கு செட்டில்மென்ட் செய்யப்பட்டது, கடிதம் இணைத்துள்ளேன். தள்ளுபடி செய்யப்பட்ட அசல் தொகையை இப்போது கட்ட விரும்புகிறேன். கட்ட வேண்டிய சரியான தொகை, கட்ட வேண்டிய கணக்கு எண், தொகை கிடைத்தபின் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் நிலையை ‘குளோஸ்டு’ என்று, ரிட்டன் ஆஃப் தொகையும் செட்டில்மென்ட் தொகையும் பூஜ்யம் என்று அனுப்புவதற்கான உறுதி ஆகியவற்றை எழுத்தில் தரவும்.”

அந்த உறுதிக் கடிதம் கைக்கு வந்தபிறகுதான் பணம். வசூல் ஏஜென்சிக்காரரின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். வங்கியின் கடன் கணக்குக்கே போக வேண்டும். அவர்கள் 57,000-க்கு மேல் வட்டி கேட்டால், அசல் மட்டும் என்று பேசிப் பாருங்கள். வசூலாகாது என்று எழுதிவிட்ட கணக்கு என்பதால் பேச இடம் இருக்கும். கட்டியபின் ‘நோ டியூஸ்’ சான்றிதழ் வாங்குங்கள். 2025 ஜனவரியிலிருந்து கடன் கொடுப்பவர்கள் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை தகவல் அனுப்பியாக வேண்டும். ஆகவே ஒரு மாதத்துக்குள் அறிக்கையில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அப்போது போடுவதுதான் நியாயமான டிஸ்ப்யூட்.

இது முடிந்துபோன கடனுக்கு 57,000 தண்டம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 லட்சம், 20 வருடம். 8.5 சதவீதத்தில் தவணை 24,299, 9.5-ல் 26,100. ஒரே ஒரு சதவீதத்துக்கு மாதம் 1,801 ரூபாய். 32 மாதத்தில் அந்த 57,000 திரும்பி வந்துவிடும், கடனோ 240 மாதம். பல வங்கிகள் இப்போது ஸ்கோரைப் பார்த்தே வட்டியைப் பிரித்து வைக்கின்றன. அதனால் இந்த ஒரு சதவீதம் கற்பனைக் கணக்கு இல்லை.

அதே நேரத்தில் அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம். ‘குளோஸ்டு’ ஆனதும் ஸ்கோர் ஒரே தாவலில் 750-க்குப் போகாது. பழைய தாமதக் கட்டங்கள் அப்படியே இருக்கும். மாறுவது அதிகாரியின் கேள்வி. “ஏன் கட்டவில்லை?” என்ற இடத்தில் “ஏன் தாமதமானது?” என்று வரும். இரண்டாவதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது: 2020–21 சம்பளச் சீட்டுகள்.

அந்தக் கார்டைக் கொடுத்த வங்கியிலேயே வீட்டுக்கடன் கேட்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்காதீர்கள். சமரசத்தில் முடித்த கடனாளிக்கு, விவசாயக் கடன் தவிர மற்றவற்றில், குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தரக் கூடாது என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொன்னது. அந்தக் காலம் உங்களுக்குத் தாண்டிவிட்டாலும், நஷ்டப்பட்ட இடத்தின் உள்பட்டியல் அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

பழையதைத் துடைப்பது பாதி வேலை. மீதி, புது வரிகளை எழுதுவது. உங்கள் அறிக்கையில் இப்போது ஓடுகிற கணக்கு டிவி தவணை ஒன்றுதான். அதை முன்கூட்டியே அடைத்துவிட வேண்டாம். ஏழு மாதமும் தேதி தவறாமல் போகட்டும். அதோடு சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 25,000 ரூபாய்க்கு ஒரு வைப்புநிதி போட்டு, அதன் மேல் கார்டு கேளுங்கள். ஈடு இருப்பதால் ஸ்கோர் குறைந்தவருக்கும் கொடுப்பார்கள். வைப்புத் தொகையில் பெரும்பகுதி கடன் வரம்பாக வரும். 20,000 வரம்பு என்றால் மாதம் 4,000, 5,000-க்கு மளிகை, பெட்ரோல். அதற்கு மேல் தேய்க்காதீர்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். கார்டில் இரண்டு தேதி உண்டு: பில் போடும் தேதி, கட்ட வேண்டிய கடைசித் தேதி. தகவல் நிறுவனத்துக்குப் போவது பெரும்பாலும் பில் தேதியன்று நிற்கும் தொகை. 18,000 செலவழித்துக் கடைசித் தேதிக்குள் முழுதாகக் கட்டினாலும், 20,000 வரம்பில் 18,000 பயன்படுத்துபவர் என்றே பதிவாகும். பில் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டும் பழக்கம் பழைய குழிக்கே கொண்டுபோகும். முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் போட்டுவிடுவது நல்லது. போனுக்கு வட்டியில்லாத் தவணை, ‘இப்போது வாங்கு பிறகு கொடு’ எல்லாம் இந்த ஒரு வருடம் கண்ணில் படக் கூடாது. அவையும் கடன் கணக்காகவே பதிவாகின்றன.

வங்கிக் கணக்கு அறிக்கையையும் கேட்பார்கள், சாதாரணமாக ஆறு முதல் பன்னிரண்டு மாதம். அதில் ஒரு தவணை திரும்பியிருந்தாலும் ஸ்கோர் ஏறியது வீண். தவணை போகிற கணக்கில் 5,000 ரூபாயைத் தொடாமல் வைத்துவிடுங்கள்.

உங்கள் மனைவிக்கு இதுவரை கடனே இல்லையென்றால் அவருக்கு ஸ்கோர் இருக்காது. ‘என்ஹெச்’ என்றோ மைனஸ் 1 என்றோ வரும். அது குறையில்லை. அவரைச் சேர்த்து விண்ணப்பித்தால் வருமானம் 70,000 ஆகும், ஆனால் இருவர் அறிக்கையும் பார்க்கப்படும். மனைவி பெயரில் மட்டும் வாங்கினால் உங்கள் பழைய கதை வராதே என்று யோசிப்பீர்கள். 18,000 சம்பளத்தில் பாதியைத் தவணையாக எடுத்தாலும் 8.5 சதவீதத்தில் 10 லட்சம் சுமாருக்குத்தான் கடன் வரும். இந்த வீட்டுக்கு அது உதவாது. அவருக்கும் இப்போதே வைப்புநிதி மேல் ஒரு சிறிய கார்டு வாங்கிவைத்தால், ஒரு வருடம் கழித்துச் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது பலன் இருக்கும்.

இப்போது 13 சதவீதத்துக்கு வருகிறேன். 28 லட்சத்துக்கு 20 வருடத் தவணை 32,804. முதல் மாதத் தவணையில் வட்டி 30,333. அசலுக்குப் போவது 2,471. ஒரு வருடத்தில் 3.94 லட்சம் கட்டியிருப்பீர்கள், கடனில் குறைந்திருப்பது ஏறக்குறைய 31,500. 20 வருடமும் அதே வட்டியில் ஓட்டினால் 8.5 சதவீதத்தைவிட 20 லட்சத்துக்கும் மேல் கூடுதல். அதைவிட உடனடிச் சிக்கல்: டிவி தவணையும் சேர்த்தால் மாதம் 35,604, இருவர் சம்பளத்தில் பாதிக்கும் மேல். பள்ளியில் மே மாதச் சம்பளம் வராத ஒரு வருடம் வந்தால் போதும், 2021 திரும்பிவிடும். இந்த முறை வீடு அடமானத்தில் இருக்கும்.

“இப்போது வாங்கிவிட்டு ஒரு வருடத்தில் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்” என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். மாற்றலாம் என்பது உண்மைதான். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் மாற்றும்போது புது வங்கி உங்களைப் புது ஆளாகவே பார்க்கும்: ஸ்கோர், வருமானம், பத்திரம், மதிப்பீடு எல்லாம் முதலிலிருந்து. பழைய அடமானப் பதிவை ரத்து செய்து புதிதாகப் பதியும் செலவும் பிராசஸிங் கட்டணமும் உண்டு. சில நிறுவனங்கள் தளர்வாக ஏற்றுக்கொள்ளும் கட்டட அனுமதியை அரசு வங்கி ஏற்காது. அப்படியானால் 13 சதவீதத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரெப்கோ, ஆப்டஸ் போன்ற வீட்டுக்கடன் நிறுவனங்கள் சுயதொழில் செய்பவர்களுக்கு, வங்கி எட்டாத இடங்களுக்குக் கடன் கொண்டுபோகின்றன. அந்தச் சந்தைக்கு அவசியமும் இருக்கிறது. உங்களுக்கு வங்கியில் வருகிற சம்பளம் இருக்கிறது. எட்டு மாத வேலைக்குச் சோம்பி அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் எட்டு மாதம் காத்திருப்பாரா? அநேகமாக மாட்டார். அந்த வீடு போனால் போகட்டும் என்பதுதான் என் கருத்து. மனம் கேட்காமல் பேசியே ஆக வேண்டும் என்றால், வெறும் பத்திரத்தாளில் 3 லட்சத்துக்குக் கையெழுத்து வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 2012 டிசம்பரிலிருந்து சட்டம். அதில் “வங்கிக் கடன் அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதையும் இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும்” என்ற வரி இல்லாவிட்டால், கடன் கிடைக்காதவரின் முன்பணம் திரும்பி வருவது கடினம். இன்றைய நிலையில் கடன் கிடைக்காது என்று தெரிந்தே முன்பணம் கொடுப்பது பணத்தைக் கிணற்றில் போடுவது.

எந்த வீடானாலும் கையில் எவ்வளவு வேண்டும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்று விதி இருந்தாலும், பழைய தாமதம் உள்ளவருக்கு 75, 80-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 38 லட்சம் வீட்டுக்கு 28 லட்சம் கடன் போக 10 லட்சம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 3.42 லட்சம். அதற்குக் கடன் கிடையாது. அடமானப் பதிவு, வக்கீல் கருத்து, மதிப்பீடு, பிராசஸிங் எல்லாம் சேர்த்து 14 லட்சமாவது ரொக்கமாக வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. பதிவுச் செலவை மிச்சப்படுத்த, பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பான 24 லட்சத்தையோ 25 லட்சத்தையோ மட்டும் எழுதலாம் என்று விற்பவர் சொல்வார். வங்கி பத்திரத்தில் உள்ள விலை, தன் மதிப்பீட்டாளர் சொன்ன விலை இரண்டில் குறைந்ததை வைத்தே கடன் கணக்கிடும். 25 லட்சத்துக்குப் பத்திரம் எழுதிவிட்டு 28 லட்சம் கடன் கேட்க முடியாது. கணக்கில் வராத மீதியைக் கொடுப்பது வருமான வரியிலும் வம்பு.

எட்டாவது மாதம், கார்டு ‘குளோஸ்டு’ ஆகி, பைக் பாக்கி பூஜ்யமாகி, டிவி தவணை முடிந்தபின், நான்கு அறிக்கைகளையும் திரும்ப எடுத்துப் பாருங்கள். இந்த வருடத்து இலவசம் தீர்ந்திருந்தால் கட்டணம் கட்டி எடுக்கலாம். ஸ்கோர் 700-ஐத் தாண்டியிருந்தால், ஏஜென்ட் இல்லாமல் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் கிளைக்கு நீங்களே போங்கள். விண்ணப்பப் படிவத்தை வாங்கும் முன் உங்கள் அச்சிட்ட அறிக்கையை மேலாளர் முன் வைத்து, “இந்தக் கணக்கு முன்பு செட்டில்டு, இப்போது முழுதாகக் கட்டி முடித்தது. உங்கள் விதிப்படி இதற்குக் கடன் உண்டா?” என்று கேளுங்கள். ஒவ்வொரு வங்கிக்கும் இதில் தனித்தனி உள்விதி. நீங்கள் காட்டும் தாளைப் பார்த்து அவர் ‘இல்லை’ என்றால் உங்கள் பெயரில் விசாரணை பதிவாகாது. ‘பார்க்கலாம்’ என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஓர் இடம்தான்.

கோப்போடு ஒரு பக்க விளக்கக் கடிதம் வையுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை சம்பளம் குறைந்தது, எவ்வளவு, எப்போது சரியானது, எந்தத் தேதியில் பாக்கி முழுவதும் கட்டப்பட்டது. பின்னால் அந்தக் காலச் சம்பளச் சீட்டு, நோ டியூஸ் சான்றிதழ், பைக் என்ஓசி. மன்னிப்பு கேட்கும் தொனி வேண்டாம். அனுமதி தருகிற அதிகாரி தன் குறிப்பில் எடுத்து எழுத நான்கு வரி கிடைத்தால் போதும்.

வட்டி கொஞ்சம் கூட வைத்து, 9.25 என்பதுபோலச் சொன்னால், மறுக்காமல் வாங்கலாம். வங்கியின் மாறும் வட்டி ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைந்தது; அதன் மேல் உங்கள் இடருக்காகச் சேர்க்கும் கூடுதல் வட்டி, உங்கள் கடன் தரம் கணிசமாக மாறினால் திருத்தப்படலாம். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டியபின் எழுதிக் கேளுங்கள். குறைக்காவிட்டால் அப்போது வேறு வங்கிக்கு மாற்றுவது அர்த்தமுள்ள மாற்றம். கையெழுத்துக்கு முன் ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபரிலிருந்து அதைத் தருவது கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். கடனோடு சேர்த்து ஒரே தவணையில் பிரீமியம் பிடிக்கும் காப்பீடு ஒன்றும் அந்தத் தாளில் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும். காப்பீடு வேண்டும், ஆனால் அவர்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியே உங்கள் வயதுக்கு ஒரு டேர்ம் பாலிசியின் விலையை விசாரித்து, எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேசையில் உட்காருங்கள்.